நைலோன் வலையும் நுண்துளைப் பளிங்கும்

(தொண்டைமானாற்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கடல்நீரேரியின் முகத்திலும், இங்கிருந்து கிழக்கே வல்வெட்டித்துறை வரை நீளும் கரையிலும் காலை வெயிலில் உலர்ந்து கிடக்கும் வலைகளை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். பருத்தி நூலாலும் சணல் நாராலும் வலை பின்னி, அது உப்புநீரில் உக்கிப் போகாதிருக்க மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்தெடுத்த காலம் உங்கள் பாட்டனார்களோடு போயிற்று; இன்று கடலில் இறங்கும் வலைகளிற் பெரும்பாலானவை நைலோன் நூலால் ஆனவை. அந்த நைலோன் எதிலிருந்து பிறக்கிறது, பிறக்கும் வழியில் எதைக் கழித்துவிட்டு வருகிறது, அந்தக் கழிவு இல்லாமல் அதைப் பிறப்பிக்க இரசாயன விஞ்ஞானிகள் என்ன உபாயம் கண்டிருக்கிறார்கள் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். ஊக்கிகளைப் பற்றிப் பேசு என்று எனக்குச் சொல்லப்பட்டது. ஊக்கிகளைப் பொதுவாகப் பேசினால் அது பாடப்புத்தகத்தை மறுபடி வாசிப்பதாக முடியும் என்று அஞ்சி, கண்ணுக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றிக்கொண்டு அதன் வழியே செல்லத் துணிந்தேன்.

வலை நூலுக்கு உலகெங்கும் பெரிதும் பயன்படுவது நைலோன்-6 என்னும் வகை. இதனை 1938ஆம் ஆண்டில் ஜேர்மனியில் பவுல் சிலாக் என்பவர் ஆக்கினார். இதன் தாய்ப்பொருள் கப்ரோலக்ரம். ஆறு காபன் அணுக்களும் ஒரு நைதரசன் அணுவும் வளையமாகக் கோத்துக்கொண்ட ஒரு சிறு மூலக்கூறு. அவ்வளையம் திறந்து, ஒன்றோடொன்று தொடுத்துக்கொள்ள, நீண்ட நைலோன் சங்கிலி உண்டாகிறது. கப்ரோலக்ரத்தைச் சைக்ளோஹெக்சனோன் என்ற கீற்றோனிலிருந்து செய்யும் பழைய வழியில் இரண்டு படிகள் உண்டு. முதற்படியில் அக்கீற்றோனை ஐதரொட்சிலமீனோடு சேர்த்து ஒட்சைம் என்ற பொருளாக்குகிறார்கள். இரண்டாம் படியில், 1886இல் ஏர்ணஸ்ற் பெக்மன் கண்டறிந்த மீளொழுங்காக்கத்தின் பிரகாரம், அந்த ஒட்சைமைப் புகையும் சல்பூரிக்கமிலத்தில் இட்டு, ஓர் அணுவும் கூடாமலும் குறையாமலும், உள்ளே இருக்கும் அணுக்கள் இடம் மாறி அமர்ந்து கப்ரோலக்ரமாகும்படி செய்கிறார்கள்.

இவ்விடத்தில் மாணவர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். இங்கே சல்பூரிக்கமிலம் ஊக்கி என்று சொல்லப்படுகிறது. ஆனால், தாக்கத்தின் முடிவில் தான் மாறாமல் மீள்வதே ஊக்கியின் இலக்கணம் என்று நாம் படித்திருக்கிறோமே, அந்த இலக்கணத்துக்கு இது கட்டுப்படுவதில்லை. உண்டான கப்ரோலக்ரம் ஒரு மெல்லிய காரமாதலால் அமிலத்தைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அதை விடுவிப்பதற்கு அமோனியாவை ஊற்றி அமிலம் முழுவதையும் நடுநிலையாக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஊற்றிய அமிலமெல்லாம் அமோனியம் சல்பேற்றாக வெளியே வருகிறது. ஐதரொட்சிலமீனைத் தயாரிக்கும் போதும் இதே உப்பு ஒரு பங்கு விழுகிறது. இரண்டையும் கூட்டினால், மிகப் பழைய முறையில், ஒரு தொன் கப்ரோலக்ரத்துக்கு நான்கு தொன்னுக்கும் மேற்பட்ட அமோனியம் சல்பேற்று. வேண்டிய பொருள் ஒரு மடங்கும் வேண்டாத பொருள் நான்கு மடங்குமாக ஒரு தொழிற்சாலை உழைக்கிறதென்றால், அத்தொழிற்சாலையின் பிரதான உற்பத்தி எது என்று கேட்பது பரிகாசமாகாது.

அமோனியம் சல்பேற்று ஓர் உரந்தானே, அது வீணாகாதே என்று தோட்டம் செய்யும் அன்பர் ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கேரளத்தில், பெரியாற்றின் கரையில், உத்தியோகமண்டலிலே உள்ள ஃபாக்ட் என்னும் உரத் தொழிற்சாலை கப்ரோலக்ரமும் செய்கிறது, கூடவே பிறக்கும் அவ்வுப்பை உரமாகவும் விற்கிறது. உரக் கம்பனி கப்ரோலக்ரம் செய்வதில் இந்த விவேகம் இருக்கிறது. ஆயினும், அந்த உப்பை ஆக்குவதற்காகச் செலவான சல்பூரிக்கமிலமும் அமோனியாவும் அவற்றுக்காக எரிந்த எரிபொருளும் பெரிய தொகை; உப்பின் விலையோ அற்பம்; அதனைத் தொடர்ந்து இட்டால் மண் அமிலத்தன்மை அடைவதும் உழவர் அறிந்ததே. கழிவுக்கு ஒரு சந்தை கிடைத்துவிட்டது என்பதனால் அது கழிவல்லாமற் போய்விடாது.

கழிவைப் பற்றிய இந்த விசாரம் நமக்கு வேறெவரையும்விட அதிகமாக வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. அக்கல் துளையும் வெடிப்பும் நிறைந்தது. மேலே பெய்யும் மழை அதனூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் நிற்கிறது. அந்த நீரையே கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். மேலே எதைக் கொட்டினாலும் அது வடிகட்டப்படாமல் கிணற்றுக்குப் போய்ச் சேரும். சுன்னாகத்தை அடுத்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததும், அவ்வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019இல் தீர்ப்பானதும் உங்கள் ஞாபகத்தில் இருக்கும். ஆனையிறவு உப்பை மின்பகுத்து எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் வடபகுதியின் பெருமையாயிருந்தது. இனியொரு காலத்தில் இப்பிரதேசத்தில் இரசாயனத் தொழில் மறுபடி எழுமானால், கழிவை எங்கே கொட்டுவது என்ற வினாவோடு அல்ல, கழிவே பிறவாதபடி தாக்கத்தை எப்படி அமைப்பது என்ற வினாவோடு அது எழ வேண்டும். 1998இல் பவுல் அனஸ்தாஸ், ஜோன் வோணர் என்ற இரு அமெரிக்கர் பசுமை இரசாயனத்தின் பன்னிரண்டு கொள்கைகளை வகுத்தபோது முதலாவதாக வைத்தது இதையே: உண்டானபின் கழுவுவதைவிட உண்டாகாமல் தடுப்பது மேல்.

தடுப்பதற்குரிய கருவி யாது? அமிலத்தைத் திரவமாக ஊற்றாமல், ஒரு திண்மத்தின் மேனியிலே அணு அணுவாகப் பதித்து வைத்துவிட்டால், பொருள் வந்து தொட்டு, மாறி, விலகிப் போகும், அமிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், நடுநிலையாக்க வேண்டியதில்லை, வடிகட்டினால் ஊக்கி திரும்பக் கைக்கு வரும். எண்ணம் எளிது. ஆனால் திண்மத்தின் வெளிமேனியில் இடம் மிகக் கொஞ்சம்; ஆகவே உள்மேனி வேண்டும்; உள்மேனிக்குத் துளை வேண்டும். துளையுள்ள பொருள் நம் நாட்டிலேயே உண்டு. தேங்காய்ச் சிரட்டைக் கரியை நீராவியிற் சூடாக்கிக் கிளர்வுற்ற காபனாக்கி இலங்கை உலகச் சந்தைக்கு அனுப்புகிறது. அதன் உள்மேனி அபாரமானது. ஆயினும் கரியின் துளைகள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒன்று அகலம், ஒன்று ஒடுக்கம், ஒன்று குருட்டுத் துளை. எந்தத் துளையில் எந்த அணு இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததைத் திட்டமிட்டு அமைக்கவும் முடியாது.

பளிங்குச் சட்டகம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. 1756இல் சுவீடன் தேசத்துக் கனிம சாஸ்திரியான குரோன்ஸ்ரெற் என்பவர், சூடாக்கியபோது நீராவியைக் கக்கிக் கொதித்த ஒரு கல்லைக் கண்டு அதற்குச் சியோலைற்று என்று நாமகரணம் செய்தார். சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் என்னும் மூன்றும் சேர்ந்து கட்டிய சட்டகம் அது. அதன் விசேஷம் என்னவென்றால், துளை என்பது அதில் ஒரு குறையோ விபத்தோ அன்று. பளிங்கின் அமைப்பே துளையாக இருக்கிறது. ஆகையால் ஒரு பளிங்கிலுள்ள கோடிக்கணக்கான துளைகளும் ஒரே அளவு. இசற். எஸ். எம்.-5 என்ற செயற்கைச் சியோலைற்றில் துளையின் விட்டம் ஏறத்தாழ 0.55 நனோமீற்றர்; வை வகைச் சியோலைற்றில் 0.74. முன்னதைச் சொன்னால், பென்சீன் போன்ற ஒரு மூலக்கூறு நுழையப் போதும், அதற்குமேல் இரண்டு கிளை வைத்தால் நெருக்கிக்கொண்டு போகவேண்டும், இன்னும் பருத்தால் வாசலிலேயே நிற்கவேண்டும் என்ற அளவு அது. உள்மேனியோ, வை வகையில், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 750 சதுர மீற்றர். நம்மூர்க் கணக்கில் ஒரு பரப்பு என்பது சுமார் 253 சதுர மீற்றர் ஆகையால், ஒரு சிட்டிகைத் தூளுக்குள் மூன்று பரப்புக் காணி மடிந்து கிடக்கிறது.

வலைக்கண்ணின் அளவை வைத்துக் கடற்றொழிலாளர் எந்த மீன் தங்கும், எந்த மீன் தப்பும் என்று நிர்ணயிப்பதுபோல, துளையின் அளவை வைத்து எந்த மூலக்கூறு உள்ளே போகும், எது வெளியே வரும் என்று இரசாயன விஞ்ஞானி நிர்ணயிக்கிறார். உவமை இவ்வளவுக்குத்தான் பொருந்தும். வலைக்கண் பிரிப்பதோடு நிற்கிறது, துளையோ தன் சுவரில் தாக்கத்தையும் நடத்துகிறது.

இத்துறையில் நம்மவர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற பவுல் இரத்தினசாமி அவர்கள், டேராடூனிலுள்ள இந்தியப் பெற்றோலிய ஆராய்ச்சி நிலையத்திலும் பின்னர் புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்திலும் பணி செய்து, 1995 முதல் 2002 வரை அவ்வாய்வுகூடத்தின் இயக்குநராகவும் விளங்கியவர். 1984இல் பட்நாகர் பரிசு பெற்றவர். அவரும் அவருடைய குழாமும் என்சிலைற்று என்ற பெயரில் உள்நாட்டிலேயே உருவாக்கிய சியோலைற்று ஊக்கி, குஜராத்தில் வடோதராவிலிருந்த பெற்றோ இரசாயனத் தொழிற்சாலையில், சைலீன் கலவையைப் பரா-சைலீனாக மாற்றும் பணிக்கு 1980களில் ஏறியது. பரா-சைலீன் பொலியெஸ்ரர் நூலின் தாய்ப்பொருள். சைலீன் மூன்று உருவத்தில் இருக்கிறது. மூன்றிலும் அணுக்கள் ஒன்றே. மெதைல் கிளைகள் இருக்கும் இடம் மாத்திரம் வேறு. நேரெதிர்க் கிளைகளோடு நீண்டு ஒடுங்கிய பரா உருவம், மற்ற இரண்டைக் காட்டிலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு விரைவாக அத்துளையில் ஊர்கிறது. உள்ளே மூன்றும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டேயிருக்க, வெளியேறும் பந்தயத்தில் துளை பரா உருவத்துக்குச் சாதகமாக இருக்கிறது.

அதே வகை ஊக்கியைக் கொண்டு பென்சீனையும் எதனோலையும் சேர்த்து எதைல்பென்சீன் ஆக்கும் முறையையும் அவர்கள் வகுத்தார்கள். விசாகப்பட்டினத்தில் அது தொழிலானது. இதன் சிறப்பை அறிய, அதற்கு முன்னிருந்த வழக்கத்தை அறிய வேண்டும். அலுமினியம் குளோரைட்டை ஊக்கியாக இட்டு, அது குழாய்களை அரிக்க, கடைசியில் நீர் ஊற்றி அமிலச் சேறாக வெளியே கொட்டுவதே நெடுங்கால வழக்கம். சியோலைற்றுக்கு வந்தபின் சேறு இல்லை, அரிப்பு இல்லை. எதனோலோ கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து இந்தியாவில் வேண்டிய மட்டும் கிடைத்தது. மேல்நாட்டில் எதிலீன் வாயு மலிவாயிருந்தது, ஆகவே அவர்கள் எதிலீனை எடுத்தார்கள். நம் பக்கத்தில் சாராயம் மலிவாயிருந்தது, ஆகவே இவர்கள் சாராயத்தை எடுத்தார்கள். வேற்று நாட்டுச் செய்முறையை அப்படியே இறக்குமதி செய்யாமல் தன் தேசத்தின் மூலப்பொருளுக்கு ஏற்ப ஊக்கியை வகுத்ததே அந்தப் பணியின் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

கப்ரோலக்ரத்துக்குத் திரும்புவோம். 1983ஆம் ஆண்டளவில் இத்தாலியின் எனி நிறுவனத்தார், சிலிக்காச் சட்டகத்தில் ஆங்காங்கே ஒரு சிலிக்கன் அணுவை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு தைத்தேனியம் அணுவை அமர்த்தி, ரி. எஸ்.-1 என்னும் ஊக்கியைச் செய்தார்கள். இதன் முன்னிலையில் சைக்ளோஹெக்சனோன், அமோனியா, ஐதரசன் பெரொட்சைட்டு மூன்றும் சேர்ந்தால் ஒட்சைம் உண்டாகிறது; உடன்வருவது நீர் மாத்திரம். இங்கே ஒரு சூக்குமம் இருக்கிறது. தைத்தேனியம் அணு ஒவ்வொன்றும் தனித்தனியே, சிலிக்காவின் நடுவில் ஒதுங்கி நிற்கும்வரைதான் இந்தக் காரியம் நடக்கும். செய்முறையில் சற்றே அஜாக்கிரதையாயிருந்து தைத்தேனியம் அணுக்கள் ஒன்றுகூடி, நாம் வெள்ளைப் பூச்சில் காணும் தைத்தேனியமீரொட்சைட்டுக் கட்டிகளாகிவிட்டால், அவை பெரொட்சைட்டை வெறும் ஒட்சிசனும் நீருமாகப் பிரித்து வீணாக்கிவிடும். இரண்டிலும் தைத்தேனியந்தான், நிறையும் ஒன்றுதான். ஆயினும் தனித்து நிற்கும் அணு ஒரு தொழிலையும் கூட்டமாய் நிற்கும் அணு வேறொரு தொழிலையும் செய்கின்றன. சட்டகத்தின் உண்மையான உபகாரம் அகன்ற உள்மேனி தருவது என்றே பலரும் எழுதுகிறார்கள். என் கருத்தில் அது இரண்டாம் பட்சம். அணுவை அணுவிலிருந்து பிரித்து, தான் இட்ட இடத்தில் நிற்கவைப்பதே அதன் முதல் உபகாரம்.

இதன் பின்னர் ஜப்பானில் சுமிதோமோ இரசாயன நிறுவனத்தார் இரண்டாம் படியிலிருந்தும் சல்பூரிக்கமிலத்தை நீக்கினார்கள். அலுமினியம் ஏறக்குறைய இல்லாத, சிலிக்கா மிகுந்த ஒரு சியோலைற்றின்மேல் ஒட்சைமை ஆவியாகச் செலுத்தி, 350 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையில் பெக்மன் மாற்றத்தை நடத்தினார்கள். இவ்விரண்டு படிகளையும் இணைத்து 2003இல் எகிமே மாகாணத்து நீகாமா நகரில் ஆண்டுக்கு 60,000 தொன் செய்யும் ஆலை இயங்கத் தொடங்கியது. அமோனியம் சல்பேற்று ஒரு கிராமும் இல்லை. இது ஆய்வுகூடத்துக் கனவன்று. ஆலைப் புகைபோக்கியின் கீழ் நிரூபிக்கப்பட்ட பிரத்தியட்சம்.

இன்னும் ஒரு படி உண்டு. அதுவே என்னை மிகவும் கவர்ந்தது. ஐதரசன் பெரொட்சைட்டு விலை கூடியது, காற்றோ இலவசம். இரண்டு படிகளாக நடப்பதை ஒரே பாத்திரத்தில், காற்றைக் கொண்டு, கரைப்பானே இல்லாமல் நடத்த முடியுமா? 2005இல் சேர் ஜோன் மெயுரிக் தோமஸ் அவர்களும் ராபர்ட் ராஜா அவர்களும், முடியும் என்று ஒரு கட்டுரையில் காட்டினார்கள். தோமஸ், மைக்கல் பரடே பணிசெய்த இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசனுக்கு இயக்குநராயிருந்த பேரறிஞர். ராஜா, புனேயில் இரத்தினசாமியிடம் பயின்று, இங்கிலாந்து சென்று, இப்போது சவுதாம்ரன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராயிருப்பவர். புனேயிலேயே, செப்புத் தாலோசயனின் என்ற நீலநிறச் சேர்வையைச் சியோலைற்றின் குகைக்குள்ளே அடைத்து, காற்றினால் ஒட்சியேற்றம் செய்யும் பணியில் குருவும் சீடரும் ஈடுபட்டிருந்தார்கள். ஆகவே நான் சொல்லும் இந்த வித்தை எங்கிருந்தோ ஒரு நாளில் முளைத்ததன்று. ஒரு பரம்பரையிலே வந்தது.

தோமஸும் ராஜாவும் எடுத்தது சிலிக்காச் சட்டகமன்று. அலுமினியமும் பொசுபரசும் ஒட்சிசனூடே மாறிமாறி நிற்கும் அலுமினோபொசுபேற்றுச் சட்டகம். 1982இல் யூனியன் காபைட் ஆய்வுகூடத்தில் எடித் ஃபிளானிஜன் முதலானோர் வெளியிட்டது இது. இதில் ஐந்தாம் இலக்க அமைப்பின் துளை 0.73 நனோமீற்றர். அலுமினியம் +3, பொசுபரசு +5. இரண்டும் சமமாக நிற்பதால் சட்டகம் மின்னேற்றமின்றி நடுநிலையாக, ஒரு தொழிலும் செய்யாமல் சும்மா இருக்கும். இந்தச் சும்மா இருக்கும் தன்மையே அதன் தகுதி, ஏனெனில் நாம் வைப்பதைத் தவிர வேறொன்றும் அதில் தொழில் செய்யாது. இனி மாணவர்கள் கொப்பியில் எழுதிப் பார்க்கலாம். ஓர் அலுமினியம் அயனை எடுத்துவிட்டு அவ்விடத்தில் +2 ஏற்றமுள்ள மகனீசியம் அயனை வைத்தால், ஓர் ஏற்றம் குறைகிறது. அக்குறையை நிரப்ப அருகிலுள்ள ஒட்சிசனில் ஓர் ஐதரசன் அயன் வந்து உட்காருகிறது. அது எளிதில் விலகக் கூடியது. ஆகவே அங்கே ஓர் அமிலத் தானம் உண்டாயிற்று. மற்றோரிடத்தில் அலுமினியத்துக்குப் பதிலாக மங்கனீசு அல்லது கோபால்ற்று அயனை +3 நிலையில் வைத்தால், அது +2க்கும் +3க்கும் இடையே ஏறி இறங்கவல்லதாகையால், காற்றின் ஒட்சிசனைத் தொழிலுக்கு அழைக்கும் ஒட்சியேற்றத் தானமாகிறது. ஒரே துளையில் இருவகைத் தானங்கள், ஒன்றையொன்று தொடாமல்.

இப்போது சைக்ளோஹெக்சனோனும் அமோனியாவும் காற்றும் உள்ளே வருகின்றன. மங்கனீசுத் தானத்தில் அமோனியாவும் ஒட்சிசனும் ஐதரொட்சிலமீனாகின்றன. அப்படிப் பிறந்த ஐதரொட்சிலமீன் துளைக்குள்ளேயே கீற்றோனைச் சந்தித்து ஒட்சைமாகிறது. அதற்கு ஊக்கியே வேண்டியதில்லை. ஒட்சைம் நகர்ந்து அமிலத் தானத்தை அடைந்து கப்ரோலக்ரமாகிறது. தனியே எடுத்துச் சேமித்து வைக்க ஆபத்தான ஐதரொட்சிலமீன், தேவைப்பட்ட இடத்திலேயே தேவைப்பட்ட அளவு பிறந்து அங்கேயே செலவாகிவிடுகிறது. வெப்பநிலை 80 பாகை. ஒரு தேநீர்க் கேத்தில் கொதிப்பதற்கும் குறைவு. மாற்றமடைந்த பொருளில் கப்ரோலக்ரத்தின் பங்கு 65 முதல் 78 வீதம் வரை என்று கட்டுரை கூறுகிறது.

புகழ்ச்சியோடு நிறுத்திவிட்டால் அது விஞ்ஞானச் சொற்பொழிவாகாது. 78 வீதம் என்றால் 22 வீதம் வேறு பொருளாகிப் போயிற்று என்பது அர்த்தம். பேரளவுத் தொழிலில் இது சிறிய இழப்பன்று. கட்டுரையாளரே இதனை ஆய்வுகூட அளவிலான முறை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சட்டகத்தைச் செய்யும் வழியும் முற்றும் தூயதன்று. அமீன் மூலக்கூறு ஒன்றை அச்சாக வைத்து, அதைச் சுற்றிப் பளிங்கை வளர்த்து, பின் 550 பாகையளவில் அந்த அச்சை எரித்து நீக்கவேண்டும். அச்சு எரிந்து காபனீரொட்சைட்டும் நைதரசனின் ஒட்சைட்டுக்களுமாகப் போகிறது. ஊக்கி பலமுறை உழைத்தாலன்றி அதன் பிறப்புச் செலவு தீராது.

பலமுறை உழைக்கிறதா என்று எப்படி அறிவது? இந்தத் துறையில் பொய் புகும் வாசல் ஒன்று உண்டு. அதனை ஆசிரியர்கள் முன் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். சட்டகத்தில் வைத்த உலோக அணு, தாக்கம் நடக்கும்போது சிறிது சிறிதாகக் கரைந்து திரவத்துக்குள் வந்துவிடலாம். அப்போது உண்மையில் ஊக்குவது கரைந்துபோன உலோகம்; திண்மம் வெறும் சாட்சி. விளைவு நன்றாக வரும், கட்டுரையும் அச்சேறும், ஆனால் ஊக்கி கழிவோடு கழிவாகப் போய்க்கொண்டிருக்கும். இதனைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிமையானது: தாக்கம் பாதி நடந்திருக்கும்போது, சூடு ஆறுவதற்கு முன்னரே, திண்மத்தை வடிகட்டி எடுத்துவிட்டு, வடிந்த திரவத்தை அதே வெப்பநிலையில் தொடர்ந்து வைத்துப் பார்க்க வேண்டும். தாக்கம் அங்கேயே நின்றுவிட்டால் திண்மமே ஊக்கி. தொடர்ந்து நடந்தால் உலோகம் கரைந்துவிட்டது. சூடாயிருக்கும்போதே வடிகட்டவேண்டிய காரணம், ஆறினால் கரைந்த உலோகம் மறுபடி திண்மத்தில் ஒட்டிக்கொண்டு குற்றத்தை மறைத்துவிடக் கூடும் என்பதுதான். இச்சோதனை இல்லாத கட்டுரையைப் படிக்கும்போது, முடிவுரையை நம்புவதற்கு முன் ஒருமுறை யோசிக்கும்படி என் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

2025ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு, உலோக-சேதனச் சட்டகங்களை வகுத்த ரிச்சர்ட் றொப்சன், சுசுமு கிற்றகாவா, ஒமர் யாகி ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டதை நீங்கள் பத்திரிகையில் வாசித்திருப்பீர்கள். 1989இல் அவுஸ்திரேலியாவில் றொப்சன் தொடங்கிவைத்த எண்ணம் இது: உலோக அயன்களை மூலைக்கற்களாகவும் சேதன மூலக்கூறுகளை உத்தரங்களாகவும் கொண்டு, வேண்டிய அளவு அறையோடு ஒரு பளிங்கைக் கட்டுவது. 1997இல் கிற்றகாவா அத்தகைய பளிங்குக்குள் வாயுக்கள் புகுந்து வெளியேறுவதைக் காட்டினார். 1999இல் யாகி வெளியிட்ட மொவ்-5 என்னும் சட்டகம் மிக அகன்ற உள்ளிடத்தோடு வந்தது. 2012இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தார் செய்த ஒன்றில், ஒரு கிராமின் உள்மேனி 7000 சதுர மீற்றர் என்று அளந்தார்கள். சற்றுமுன் மூன்று பரப்பு என்றேனே, இது ஏறத்தாழ 28 பரப்பு.

இவற்றால் ஊக்கித் துறைக்கு உண்டாகும் பிரயோசனம் என்ன? என் மதிப்பீட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றோலியம், நைலோன் போன்ற பேரளவுத் தொழிலுக்கு இவை சியோலைற்றின் இடத்தைப் பிடிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சியோலைற்றுத் துளையில் கரி படிந்து அடைத்துவிட்டால், 500 பாகைக்கு மேல் காற்றில் எரித்துக் கரியை நீக்கிப் புதிதாக்கலாம். உலோக-சேதனச் சட்டகத்தை அப்படி எரித்தால் கரியோடு உத்தரமும் எரிந்து வீடே விழுந்துவிடும். மொவ்-5 ஈரக் காற்றிலேயே சிதைகிறது. மார்கழி மாதத்தில் இக்கரையில் ஒரு போத்தலைத் திறந்து வைத்தால் அதன் கதி அவ்வளவுதான். 2008இல் ஒஸ்லோவில் செய்யப்பட்ட சிர்க்கோனியம் சட்டகம் நீருக்கும் சூட்டுக்கும் ஈடுகொடுப்பது பெரிய முன்னேற்றம். அழகிய பளிங்கு வேறு, உழைக்கும் ஊக்கி வேறு; பரிசு முன்னதற்குக் கிடைத்தது, நியாயமாகவே கிடைத்தது.

ஆனால் வேறொரு பக்கம் இருக்கிறது. ரொஜர் ஷெல்டன் என்ற அறிஞர் 1992இல், ஒரு கிலோ விளைபொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று ஒவ்வொரு தொழிலாகக் கணக்குப் பார்த்தார். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் அது ஒரு கிலோவில் பத்தில் ஒரு பங்களவு. பேரளவு இரசாயனங்களில் ஐந்து கிலோவுக்குள். மருந்துத் தொழிலிலோ 25 முதல் 100 கிலோ வரை. சனங்கள் புகையைப் பார்த்து எண்ணெய்த் தொழிலைப் பழிக்கிறார்கள்; நிறைக்கு நிறை பார்த்தால் நாம் விழுங்கும் குளிசையே அதிகக் கழிவைப் பின்னால் விட்டுவிட்டு வந்தது. மருந்து மூலக்கூறுகள் பருமனானவை, 0.74 நனோமீற்றர் வாசலில் நுழையமாட்டா, சூட்டையும் தாங்கமாட்டா. அகன்ற அறையும், மென்மையான வெப்பநிலையும், விரும்பிய தானத்தை விரும்பிய உத்தரத்தில் தொங்கவிடும் வசதியும் வேண்டிய இடம் அது. அங்கே உலோக-சேதனச் சட்டகத்துக்கும், 2005இல் பிறந்த அதன் இளையவனாகிய சக பங்கீட்டுச் சேதனச் சட்டகத்துக்கும் வேலை காத்திருக்கிறது. சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலுள்ள தேசிய ஊக்கி ஆராய்ச்சி மையம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் இடைத்துளைச் சிலிக்கா முதலியவற்றின்மேல் தமிழ் மாணவர் பலர் ஆண்டுக்கணக்காக உழைத்து வருகிறார்கள். இக்கரையிலிருந்து இரசாயனம் படிக்கப் புறப்படுவோருக்கு அவ்வாசல்கள் தூரமில்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளோடு அமைகிறேன். நைலோன் பாடம் வரும்போது சமன்பாட்டை எழுதி விளைபொருளின் கீழ்க் கோடிட்டதும் நின்றுவிடாமல், இருபக்கத்து மூலர்த் திணிவுகளையும் மாணவர் கூட்டிப் பார்க்கும்படி செய்யுங்கள். சைக்ளோஹெக்சனோன் 98, அமோனியா 17, காற்றிலிருந்து ஓர் ஒட்சிசன் அணு 16, ஆகமொத்தம் 131. கப்ரோலக்ரம் 113, நீர் 18. இட்ட திணிவில் 86 வீதம் விளைபொருளில் இருக்கிறது. பெரொட்சைட்டு வழியில் இட்டது 149, ஆகவே 76 வீதம். 1991இல் பரி ட்ரொஸ்ற் அணுச் சிக்கனம் என்று வகுத்த கணக்கு இவ்வளவே. ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிடிக்காது. பழைய சல்பூரிக்கமில வழிக்கு உரிய கணக்கை நான் இங்கே போடவில்லை. அதை வகுப்பில் மாணவர்களே போடட்டும். பரீட்சைக்கு வராத கணக்கு என்று அதைத் தள்ளிவிட வேண்டாம் என்று ஆசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.